பேச்சாளர் இல்லாத அரை மணி நேரம் கொடுங்கள்

கலை நூலகர்களுக்கு இணையவழிக் கூடுகை நடத்தும் ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். ஈப்போவுக்கு வடக்கே உள்ள தோட்டப் பட்டணம். ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர் பால்மரம், இப்போது செம்பனையும் தாமான் என்னும் குடியிருப்பு வீடுகளும். இங்கே ஒரு மன்றத்தின் மாடி அறையை நான் பார்த்துக்கொள்கிறேன். உள்ளே ஓவியக் கண்காட்சிக் கையேடுகள் இரண்டு அலமாரி, தோட்டத்துத் திருவிழா நோட்டீஸ்கள், நாடக நோட்டீஸ்கள், கல்யாணப் பத்திரிகைகள், சாமிப் படக் காலண்டர்கள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை இடித்தபோது குப்பைக்குப் போகவிருந்ததில் பாதி இங்கே வந்தது. என்னைக் கலை நூலகர் என்று சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் கூச்சம்தான். ஆனால் நீங்கள் அனுப்பிய படிவத்தில் வேறு கட்டம் இல்லை.

உங்கள் கூடுகைக்கு நான்கு முறை வந்தேன். முதல் மூன்று முறையும் ஒலிவாங்கியை நீங்களே அடைத்து வைத்திருந்தீர்கள். ஒருவர் ஐம்பது நிமிடம் பேசினார், படவில்லைகள் ஓடின, நாங்கள் எண்பது பேரும் சின்னச் சின்னக் கட்டங்களில் பெயராக உட்கார்ந்திருந்தோம். அரட்டைப் பெட்டியில் நான் தட்டிய கேள்வி, ‘நேரமின்மையால்’ என்ற ஒற்றைச் சொல்லோடு போய்விட்டது. மறுநாள் பதிவின் இணைப்பு வந்தது. பேசியவர்களைக் குறை சொல்லவில்லை, நல்ல பேச்சுகள்தான். ஆனால் அதைக் கூடுகை என்று சொல்வதுதான் எனக்கு ஒட்டவில்லை.

நான்காவது முறை ஏதோ கோளாறு. பேச்சாளரின் இணைப்பு அறுந்துபோக, சமாளிப்பதற்காக எங்களை ஐந்தைந்து பேராக அறைகளில் போட்டீர்கள். அந்த இருபத்தைந்து நிமிடத்தைப் பற்றிச் சொல்லத்தான் இந்த மடல்.

என் அறையில் சென்னையிலிருந்து ஒரு தம்பி, பினாங்கிலிருந்து ஒரு சீன அம்மையார், யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர், இன்னொருவர் கேமராவைத் திறக்கவே இல்லை. யாரும் பேசாமல் சங்கடமாக இருந்ததால், மேசைமேல் கிடந்த காலண்டரை எடுத்துக் காட்டினேன். மயில்மேல் முருகன். கிழிக்கும் தேதிக் கட்டு எப்போதோ போய்விட்டது, கம்பி குத்திய இரண்டு ஓட்டை மட்டும் மிச்சம். ஆண்டு தெரியாததால் ‘தேதி இல்லை’ என்று அட்டையில் எழுதி மூடி வைத்திருந்தேன்.

“பூதக்கண்ணாடி இருக்காக்கா?” என்றார் தம்பி. நகைப்பட்டறை வைத்திருந்த மாமா விட்டுப்போன ஒற்றைக்கண் லென்சு இருந்தது. முருகன் கன்னத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார். ஒழுங்கான வரிசையில் சின்னச் சின்னப் பூவாகப் புள்ளிகள். அப்படியென்றால் ஆப்செட் அச்சு. பழைய கல் அச்சாக இருந்தால் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் மணல் தூவியது போலிருக்கும் என்றார். பிறகு, மேலே உள்ள தகரப் பட்டைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒன்பது வருடமாக அந்தப் பட்டையைத் தொட்டுத் துடைத்திருக்கிறேன், அடியில் பார்க்கத் தோன்றியதே இல்லை. துரு உதிராமல் மெதுவாக நெம்பினேன். பட்டை மறைத்திருந்த வெள்ளை ஓரத்தில் சிவகாசி அச்சகத்தின் பெயரும் படத்தின் எண்ணும் இருந்தன.

அதோடு முடியவில்லை. கீழே நம்மூர் மளிகைக் கடையின் பெயர் தமிழிலும் சீனத்திலும் இருந்தது. சிவகாசியிலிருந்து வெறும் படமாக வாங்கி, இங்கே கடைப்பெயரை அடித்திருக்கிறார்கள். பினாங்கு அம்மையார் சீன வரியைப் படித்துச் சிரித்தார். “ஒட்டுப்பால் வாங்கப்படும் என்றும் போட்டிருக்கிறது.” ஒட்டுப்பால் என்றால் மரத்தின் வெட்டில் உறைந்து ஒட்டிக்கொள்ளும் ரப்பர் பால். தமிழில் அந்த வரி இல்லை. ஏன் இல்லை என்பதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் ஊகித்துக்கொள்வார்கள்.

மாடியில் நான் தனியாக உட்கார்ந்து இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. ஐம்பது நிமிடப் பேச்சும் இதைத் தந்திருக்காது.

நம் தொழிலில் ஆட்கள் சங்கமாகச் சேர்ந்ததே இந்தத் தனிமையால்தான். பிரிட்டனில் 1969இல் கலை நூலகர்கள் ஆர்லிஸ் என்று ஒரு சங்கம் வைத்தார்கள், வட அமெரிக்காவில் 1972இல். கண்காட்சிக் கையேடு புத்தகக் கடைக்கு வருவதில்லை. சில நூறு அச்சடிப்பார்கள், காட்சி முடிந்ததும் தீர்ந்துபோகும். ஓவியரின் கோப்பில் சேர வேண்டிய அழைப்பிதழும் பத்திரிகைத் துணுக்கும் அப்படித்தான். கோலாலம்பூரில் தேசியக் கலைக்கூடம் 1958இல் திறந்தது. அங்கே தொங்கிய படத்தைப் பற்றிய ஒரு தாள் எனக்கு வேண்டுமென்றால், உள்ளே யாரையாவது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்த முகம் இருந்தால்தான் தபாலில் ஒரு பிரதி வரும். பதிவைப் பார்த்து யாருக்கும் யாரையும் தெரிந்துவிடாது.

ஆகவே ஒவ்வொரு கூடுகையிலும் அரை மணி நேரத்தைப் பேச்சாளர் இல்லாமல் விடுங்கள். ஐந்து பேருக்கு ஓர் அறை, ஆளுக்கு ஒரு பொருள். முடிந்தால் ஓர் அறை தமிழில் நடக்கட்டும். சென்னைக்கும் எங்களுக்கும் இரண்டரை மணி நேரம்தான் வித்தியாசம். நேரம் என்றதும் இன்னொன்று. உங்களுக்கு நியூயார்க்கில் பகல் இரண்டு என்றால் கோடையில் எங்களுக்கு விடியற்காலை இரண்டு. ஒரு மாதம் நாங்கள் விழிக்கிறோம், மறு மாதம் நீங்கள் விழியுங்கள். சாயங்கால மழையில் இணைப்புப் போனவரைத் திரும்ப உள்ளே விட ஓர் ஆளும் வாசலில் நிற்கட்டும், போன முறை நான் பதினொரு நிமிடம் காத்திருந்தேன்.

ஆள் குறையும் என்று பயப்பட வேண்டாம். இது மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தனின் ஊர். 1960இல் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, தோட்டம் வாங்கக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தவர் அவர். இங்கே சின்னத் தொகையையும் சின்னக் கூட்டத்தையும் யாரும் கேலி செய்வதில்லை.

சென்னைத் தம்பியின் எண்ணைக் கேட்பதற்குள் அறையை மூடிவிட்டீர்கள். ஒப்புக்கொண்டால் அவருடைய எண்ணையும் பினாங்கு அம்மையாரின் எண்ணையும் எனக்கு அனுப்புங்கள், புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஒரு குழு தொடங்கிவிடுகிறேன்.

அடுத்த முறை நான் காட்டப்போவது ஒரு நாடக நோட்டீஸ். ரோஸ் நிறத் தாள், நான்காக மடித்த தடம். ‘13ஆம் தேதி சனிக்கிழமை இரவு 9 மணிக்கு, தோட்டத்துப் பள்ளிக்கூடத் திடலில், நுழைவு 50 காசு’ என்று இருக்கிறது. மாதமும் ஆண்டும் மடிப்பில் கிழிந்துவிட்டன. அச்சகத்தின் தொலைபேசி எண் அடியில் இருக்கிறது, மூன்றே இலக்கம். லென்சைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மாடி அறைக்காரி,
சுங்கை சிப்புட்