புதுச்சேரி தேர்தலில் எங்களுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். 2024 மக்களவைத் தேர்தலின் முடிவு ஜூன் 4 அன்று வந்துவிட்டது. காங்கிரஸின் வைத்திலிங்கம் 1,36,516 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பா.ஜ.க.வின் நமச்சிவாயம் இரண்டாம் இடம். போட்டியிட்ட 26 பேரில் இவர்கள் இருவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் டெபாசிட் போனது, எங்கள் சுயேச்சை வேட்பாளருக்கும்தான். நோட்டாவே எங்களை முந்திவிட்டது. சரி, அது மக்கள் தீர்ப்பு. எங்கள் வேட்பாளரின் தேர்தல் முகவராக நான் சொல்ல வேண்டிய நன்றி பாக்கி இருக்கிறது.

முதலில் வேட்புமனுவில் முன்மொழிந்த பத்துப் பேருக்கு. அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளருக்கு ஒரு கையெழுத்து போதும். சுயேச்சைக்குப் பத்து வேண்டும். கடையைப் பூட்டிவிட்டு வந்து போட்டுக் கொடுத்தீர்கள்.

"ஒரே தொகுதி, சின்ன மாநிலம், சுலபமாகச் சுற்றிவிடலாமே" என்பார்கள் வெளியூர்க்காரர்கள். (மாநிலம் என்று நாம்தான் சொல்லிக்கொள்கிறோம், டெல்லி இன்னும் தந்தபாடில்லை.) எங்கள் வேன் டிரைவர் அண்ணனைக் கேட்டுப் பார்க்கட்டும். பாகூர் பக்கம் போனால் இந்த ஊர் நம்முடையது, அடுத்த ஊர் கடலூர் மாவட்டம், அதற்கடுத்தது மறுபடி நம்முடையது. பிரசார அனுமதி நம் எல்லைக்குள் மட்டும்தான். எந்த வளைவில் மைக்கை நிறுத்த வேண்டும், எங்கே திரும்பப் போட வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். காரைக்காலுக்கும் தமிழ்நாட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். வழியில் பறக்கும் படை நிறுத்திய இடத்திலெல்லாம் முகம் சுளிக்காமல் பின்கதவைத் திறந்து காட்டினார். அண்ணே, நீங்கள் இல்லாவிட்டால் நாங்கள் நகரத்தைத் தாண்டியிருக்க மாட்டோம். திருநள்ளாற்றில் வேளை தவறி வந்த எங்களுக்குச் சோறு போட்ட அக்காவுக்கும் நன்றி.

இதே தொகுதியின் இன்னொரு துண்டான ஏனாமில் தெலுங்குத் துண்டறிக்கை எழுதித் தந்த ஓய்வுபெற்ற ஆசிரியரின் பாடு பெரும்பாடு. சுற்றிலும் ஆந்திரா. அங்கே மே 13 அன்று சட்டமன்றத்துக்கும் சேர்த்துத் தேர்தல் என்பதால் டீக்கடையில் ஜெகனா, சந்திரபாபுவா என்ற பேச்சுதான். அதற்கு நடுவில் புகுந்து, "நமக்கு ஏப்ரல் 19, மறந்துவிடாதீர்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேரளாவை ஒட்டிய துண்டான மாஹேவுக்கு எங்களால் போகவே முடியவில்லை. மலையாளத்தில் அச்சடித்து, தெருத்தெருவாகக் கொடுத்த நண்பரை இன்னும் நேரில் பார்த்ததுகூட இல்லை.

முத்தியால்பேட்டைக் கல்லூரித் தங்கைகளுக்குத் தனி நன்றி. ஓர் இயந்திரத்தில் 16 பொத்தான்தான், எங்கள் பெயரோ இரண்டாவது இயந்திரத்தில். அட்டையில் இரண்டு பெட்டி செய்து, பாட்டிகளை அழுத்த வைத்துப் பழக்கினீர்களே, இந்தத் தேர்தலில் நாங்கள் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதுதான்.

வாக்குச்சாவடிகள் தொள்ளாயிரத்துக்கும் மேல். எங்கள் முகவர்களோ சொற்பம். விடியற்காலையில் நடக்கும் மாதிரி வாக்குப்பதிவு தொடங்கி, மாலையில் பதிவான வாக்குகளின் கணக்கைச் சொல்லும் 17சி படிவத்தைக் கையில் வாங்கும்வரை உட்கார்ந்திருந்தீர்கள். பெரிய கட்சி முகவர்களின் பிரியாணியில் பங்கு கிடைத்ததாகவும் கேள்வி. கொடுத்தவர்களுக்கும் நன்றி!

அப்புறம், கணக்குப் பார்க்கும் தம்பி. செலவு உச்சவரம்பு 75 லட்சம் ரூபாய். அந்தப் பக்கமே நாங்கள் போகவில்லை என்றாலும், முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்கு கொடுத்தாக வேண்டும். டீசல், நோட்டீஸ், மைக் வாடகை என்று யாரிடமாவது ரசீது மிச்சமிருந்தால் இந்த வாரமே அவரிடம் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
தேர்தல் முகவர்