ஆத்தூர்க் கூர்க்கனுக்கு எந்த வழி?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கால்நடை மருத்துவத்தில் இடம் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது, வாசல் வரை நடக்கிறார்.

மருந்துக்காக விளைவிக்கும் கூர்க்கன் கிழங்கைக் காயவைத்து விற்பதோடு நிற்காமல் சாறும் எடுக்கலாம் என்று ஆத்தூரில் உங்கள் குழு யோசிப்பது நல்ல விஷயம். சுற்றுச்சூழலைக் கெடுக்காத வழி எது என்று கேட்டிருந்தாய். அது வேருக்கு வேர் மாறும்.

கூர்க்கனில் உள்ள மருந்துச் சத்தான ஃபோர்ஸ்கோலின் தண்ணீரில் சரியாகக் கரையாது. அதனால்தான் டொலுயீன் மாதிரியான பெட்ரோலியக் கரைப்பான்களை நாடினார்கள். அதற்கு மாற்றாகக் கார்பன் டை ஆக்சைடு அருமையானது. 31 டிகிரிக்கு மேல், 74 பார் அழுத்தத்தைத் தாண்டினால் அது வாயுவைப் போலப் பொடிக்குள் நுழையும், திரவத்தைப் போலக் கரைக்கும். அழுத்தத்தை இறக்கியதும் பிரிந்து போய்விடும்; சாற்றில் கரைப்பான் மிச்சம் இருக்காது. ஆனால் அந்த அழுத்தத்தைத் தாங்கும் கலன்களின் விலை ஒரு குழுவுக்குக் கட்டுப்படியாகாது. கூலிக்கு எடுத்துத் தரும் ஆலையைத் தேடுங்கள்.

அமுக்கரா என்னும் அசுவகந்தா வேருக்கு இந்தக் கார்பன் டை ஆக்சைடு வழி அவ்வளவாகப் பொருந்தாது. அதன் மருந்துச் சத்துகளான வித்தனோலைடுகளைத் தண்ணீர் கலந்த எத்தனால்தான் நன்றாக இழுக்கும். வெறும் தண்ணீரே சுத்தமான வழி என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல அமுக்கரா வேரில் மாவுச்சத்து அதிகம். கொதிநீரில் போட்டால் கஞ்சியாகக் குழைந்து வடிதுணியை அடைத்துவிடும். அதைவிடப் பெரிய சங்கடம், ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 2,260 கிலோஜூல் வேண்டும், எத்தனாலுக்கு 840 போதும். சாற்றை வற்ற வைக்கும்போதுதான் விறகும் மின்சாரமும் கரைகின்றன.

மீயொலியால் (அல்ட்ராசவுண்ட்) சாறெடுக்கும் கருவியை வாங்கச் சொல்லி உங்களிடம் வந்தவர் இந்தச் செலவைச் சொல்லியிருக்க மாட்டார். கரைப்பானில் அது எழுப்பும் குமிழிகள் வெடித்துச் செல்சுவரைக் கிழிப்பதால், அதிகச் சூடில்லாமலே சத்து சீக்கிரம் இறங்கும். அது உண்மைதான். ஆனால் வற்ற வைக்கும் செலவை அது தொடாது. மைக்ரோவேவும் அப்படியே. கிலோ வேருக்கு எத்தனை லிட்டர் கரைப்பான், அதில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், எத்தனை யூனிட் மின்சாரம் என்று அவரிடம் கேள். எத்தனால் வைத்திருக்க உரிமம் வேண்டும், அதையும் முதலிலேயே விசாரித்துவிடு.

சக்கை வயலுக்கே திரும்ப வேண்டும் என்பது என் ஆசை. வேரைப் பிடுங்கினால் செடியே போகிறது, மண்ணுக்கு அதுவாவது சேரட்டும். டொலுயீன் பட்ட சக்கையை நிலத்தில் கொட்ட எனக்கு மனம் வராது.

இந்த அறுவடையில் இரண்டு கிலோ கிழங்கு அனுப்பு. சன்னமான வேர்களைத் தனியாகக் கட்டு, இரண்டையும் சோதித்து எழுதுகிறேன்.

அன்புடன்,
முருகேசன்