உய்யக்கொண்டான் கரையில் ஒரு படித்துறை: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

திருச்சிக்கு வருகிறவர்கள் மலைக்கோட்டை ஏறுவார்கள், ஸ்ரீரங்கம் போவார்கள், நேரம் இருந்தால் கல்லணையையும் எட்டிப் பார்ப்பார்கள். இதற்கு நடுவே பாலக்கரையிலோ புத்தூரிலோ ஒரு சின்னப் பாலத்தைக் கடந்திருப்பார்கள். கீழே ஓடுவது என்ன என்று கேட்டால் உள்ளூர்க்காரர்களே பலர் ‘சாக்கடை’ என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எங்களுக்கு வயிறு எரிகிறது. அது உய்யக்கொண்டான் வாய்க்கால்.

985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் ராஜராஜன் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் வாய்க்கால் இது. பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, நகரத்துக்குள் வளைந்து நெளிந்து வந்து, துவாக்குடிப் பக்கம் வாழவந்தான்கோட்டை ஏரியில் போய்ச் சேருகிறது. ஏறக்குறைய 70 கிலோமீட்டர். 30,000 ஏக்கருக்கு மேல் பாசனம். மோட்டார் கிடையாது, பம்பு கிடையாது. ஆற்றின் மேல்பகுதியிலேயே தண்ணீரைப் பிடித்து, நிலத்தின் வாட்டம் பார்த்து மேட்டோரமாகவே கொண்டுபோயிருக்கிறார்கள். ஆற்றை விட்டு விலகிய நிலங்களும் நெல்லும் வாழையும் கண்டது அப்படித்தான். நகரவாசிகளான நாமும் டெல்டாக்காரர்கள்தான் என்பதற்கு நம் வீட்டுக்குப் பின்னால் ஓடும் சாட்சி இந்த வாய்க்கால்.

‘பின்னால்’ என்று எழுதும்போதே மனசு உறுத்துகிறது. பெரியவர்கள் சொல்வதைக் கேட்டால், எங்கள் தெருவுக்கு வாய்க்கால்தான் வாசல். விடியற்காலையில் குளியல், அப்புறம் துணி துவைப்பது, சாயங்காலம் படியில் உட்கார்ந்து ஊர்க்கதை. காந்தி மார்க்கெட்டில் ராத்திரி முழுக்க மூட்டை இறக்கியவர்கள் இங்கே வந்து தலைமுழுகிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்களாம். ஆடிப்பெருக்குக்கு ஊர் முழுக்க அம்மாமண்டபத்துக்குப் போகும். கூட்டத்தில் இடிபட முடியாத வயசான அம்மாக்கள் இந்தப் படியிலேயே மஞ்சள், காதோலை, கருகமணி வைத்துப் படைத்து, தாலிக்கயிறு மாற்றிக்கொள்வார்கள். பிள்ளைகள் கரையோரமாகச் சப்பரம் இழுப்பார்கள். குழாய்த் தண்ணீர் வீட்டுக்குள் வந்த பிறகு ஒவ்வொரு வீடாக வாய்க்காலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டது. வாசல் கொல்லையானது. கொல்லை என்று ஆனபின் குப்பையைக் கொட்டக் கை கூசவில்லை.

தூர்வாருவது அரசாங்கத்தின் வேலை, அது நடக்கவும் செய்கிறது. மண்ணை அள்ளுகிறார்கள், ஆகாயத்தாமரையை அள்ளுகிறார்கள். அடுத்த வருஷம் அதே இடத்தில் அதே குப்பை. ஏனென்றால் தண்ணீர்ப் பக்கம் இறங்கிப் பார்க்க ஆள் இல்லை. மனுஷன் இறங்காத வாய்க்காலை எத்தனை தடவை தூர்வாரினாலும் தங்காது என்பது எங்கள் குழுவின் உறுதியான எண்ணம். அதனால்தான் படித்துறையைக் கையில் எடுத்திருக்கிறோம்.

வரகனேரிப் பக்கம் (வ.வே.சு. ஐயர் பிறந்த அதே வரகனேரிதான்) கருவேலம் மூடிக் கிடந்த பழைய கருங்கல் படித்துறை ஒன்று இருக்கிறது. தெருப் பிள்ளைகளே இரண்டு ஞாயிற்றுக்கிழமை செலவழித்துப் புதரை வெட்டினார்கள். பாதிப் படிகள் பெயர்ந்துவிட்டன, பக்கச் சுவர் சாய்ந்திருக்கிறது. கல் மட்டும் நல்ல கல். பெயர்ந்த படிகளில் பெரும்பாலானவற்றை எடுத்து மறுபடி பதிக்கலாம் என்கிறார் எங்கள் தெருக் கொத்தனார். பழைய கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு டைல்ஸ் ஒட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டோம். பாசி பிடித்தால் டைல்ஸில் வழுக்கி விழப்போவது கிழவிகள்தான்.

மொத்த மதிப்பீடு 3,40,000 ரூபாய். இதில் பெரும்பங்கு கல்லுக்கும் கூலிக்கும் போகும். பக்கச் சுவர், பிடித்து இறங்க இரும்புக் கைப்பிடி, ஒரு விளக்கு, கரையில் புங்கமும் பூவரசும் வைத்துக் கூண்டு கட்டுவது, பேட்டைவாய்த்தலையிலிருந்து வாழவந்தான்கோட்டை வரை வாய்க்கால் போகும் தடத்தை வரைந்த ஒரு பெரிய பலகை ஆகியவையும் இதில் அடக்கம். தெருவில் வீடு வீடாகப் போய் 1,12,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. தள்ளுவண்டியில் இட்லி விற்கும் அக்கா 500 ரூபாய் கொடுத்தார், அதற்கு மேல் நாங்கள் வாங்க மறுத்தோம். மீதி 2,28,000 ரூபாய்க்குத்தான் உங்களிடம் வருகிறோம். ஒரு படியை எடுத்துப் பதிக்க 6,500 ரூபாய் ஆகும். ஒரு குடும்பமோ, கூடப் படித்த நண்பர்களோ சேர்ந்து ஒரு படியை ஏற்கலாம். ஆனால் கல்லில் யார் பெயரும் வெட்டமாட்டோம். இதில் சிலருக்கு வருத்தம் உண்டு, தெரியும். தண்ணீருக்கு இறங்கும் இடத்தில் பெயரை மிதித்துக்கொண்டு போவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

‘சாக்கடை கலக்கிற தண்ணீருக்குப் படித்துறை எதற்கு?’ என்று பலர் கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். கலக்கும் குழாய்களை அடைக்கச் சொல்லி மனு கொடுத்திருக்கிறோம், விடாமல் பின்தொடர்வோம். இப்போதைக்கு இதில் குளிக்கச் சொல்லி யாரையும் அழைக்கவில்லை. ஆனால் தினமும் நாலு பேர் வந்து உட்காரும் இடத்தில் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு குழாயைத் திருப்பிவிட முடியாது. மழைக்காலத்தில் தண்ணீர் எந்த அளவுக்கு ஏறுகிறது என்பதையும் கரையில் நிற்பவன்தான் முதலில் பார்ப்பான். 2005 நவம்பர் வெள்ளத்தில் நகரத்துக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

நீர்வளத் துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி கைக்கு வந்த பிறகே முதல் கல்லைத் தொடுவோம். அனுமதி கிடைக்காமல் போனால் பணம் அவரவர்க்குத் திரும்ப வரும். மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடப்படும். தண்ணீர் வற்றிய மாசி, பங்குனியில்தான் படிவேலை செய்ய முடியும், ஜூன் 12-ல் திறந்தால் அப்புறம் அடுத்த வருஷம்தான். ஆகவே தை முடிவதற்குள் தொகை சேர வேண்டும். ரொக்கமாக வாங்குவதில்லை, குழுவின் வங்கிக் கணக்கில் மட்டும் செலுத்துங்கள். எவ்வளவு சின்னத் தொகைக்கும் ரசீது உண்டு. வரவு செலவு மாதாமாதம் தெருமுனைப் பிள்ளையார் கோயில் பலகையில் ஒட்டப்படும், வெளியூரில் இருப்பவர்களுக்கு அதன் படம் வரும்.

துபாயிலும் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்கிற எங்கள் தெருப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வீட்டுப் பரணில் இந்தப் படித்துறை தெரிகிற பழைய புகைப்படம் ஏதாவது இருந்தால், கல்யாணப் படமானாலும் சரி, தேடி அனுப்புங்கள். படிகள் முதலில் எத்தனை, சுவர் எவ்வளவு உயரம் என்பது கொத்தனாருக்குத் தெரிய வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
படித்துறைச் சீரமைப்புக் குழுவினர்,
வரகனேரி, திருச்சி.