சேற்றில் உறங்கும் விராலை விட்டுவையுங்கள்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்து ஊராட்சி மன்றத்தினருக்கும், ஊருணிகளைப் பேணிவரும் நகரத்தார் பெருமக்களுக்கும், கண்மாய்களில் மீன்பாசி ஏலம், அதாவது மீன்பிடி உரிமைக்கான ஏலம், எடுப்போருக்கும் வணக்கம்.

நம் கண்மாய்களில் வலை இழுத்தால் இன்று பெரும்பாலும் ஏறுவது உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஜிலேபிக் கெண்டைதான். 1952இல் உணவுக்கென்று இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த ஆப்பிரிக்க மீன், முட்டையையும் குஞ்சையும் தாய் வாய்க்குள் வைத்தே காப்பதாலும், பிறந்த சில மாதங்களிலேயே இனம்பெருக்கத் தொடங்கிவிடுவதாலும், சிறு நீர்நிலைகளில் நெருக்கியடித்துப் பெருகித் தானும் வளர்ச்சி குன்றி, நாட்டுக் கெண்டைக்கும் அயிரைக்கும் உரிய இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது.

இதைத் தின்று குறைக்கும் மீன் நம் மண்ணிலேயே இருக்கிறது. விரால் பதுங்கிக் கிடந்து பாய்ந்து விழுங்குவது. தென்கிழக்கு ஆசியப் பண்ணைக் குளங்களில் ஜிலேபிக் குஞ்சுகள் மிகாதிருக்க இதே விராலைச் சேர்த்து விடும் வழக்கம் உண்டு. நமக்கோ இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. கோடையில் கண்மாய் வற்றினால் ஜிலேபி மடிந்துவிடும். காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் விராலோ ஈரச் சேற்றுக்குள் புதைந்து அடுத்த மழை வரை உயிரோடிருக்கும். வரத்துக்கால் வழியே புது ஜிலேபிக் குஞ்சுகள் வந்து சேரும்போது பசியோடு காத்திருக்க வேண்டியது அந்த விரால்தான். ஆனால் எங்கள் ஊர்க் கண்மாயில் கடைசித் தண்ணீரையும் மோட்டார் வைத்து இறைத்து, சேற்றைக் கிளறி விராலைத் தோண்டியெடுப்பதை இரண்டு கோடைகளாகக் கண்டு மனம் வெதும்பியிருக்கிறேன். பிறகு அந்தக் கண்மாயில் ஜிலேபியைத் தடுக்க என்ன மிஞ்சும்?

விரால் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. தன் வாய்க்குள் அடங்கும் குஞ்சுகளைத்தான் அது விழுங்கும். வளர்ந்த ஜிலேபியை வலை போட்டு நாம்தான் அரிக்க வேண்டும். அயிரையையும் அது தின்னும் என்பதால், ஜிலேபி புகாத ஊருணிகளில் புதிதாக விரால் விடத் தேவையில்லை. வெளியூர் வேட்டை மீனைக் கொண்டுவரும் எண்ணமும் வேண்டாம். ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1950களில் விடப்பட்ட நைல் பெர்ச் என்னும் மீன், அங்கு மட்டுமே வாழ்ந்த பல மீனினங்களை அழித்துவிட்டது.

ஆகவே அடுத்த மீன்பாசி ஏலத்தின் நிபந்தனைகளில் இவற்றைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கண்மாயின் ஆழமான பள்ளத்தில் கடைசித் தண்ணீரை இறைக்கவும் சேற்றைத் தோண்டவும் கூடாது. செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைக் காத்துத் திரியும் தாய் விராலையும் தந்தை விராலையும் பிடிக்கக் கூடாது, ஏனெனில் அவை போனால் குஞ்சுகளும் இரையாகிவிடும். ஜிலேபிக் குஞ்சு வாங்கி விடவே கூடாது. ஜிலேபி மண்டிய ஊருணிகளுக்கு விரால் குஞ்சு வேண்டுமானால் பக்கத்துக் கண்மாயிலிருந்தே, ஒன்றையொன்று தின்றுவிடாதபடி ஒரே அளவாகப் பார்த்து எடுத்து விடுங்கள்.

இந்த நிபந்தனைகளால் ஏலத் தொகை முதலாண்டில் குறையலாம். அந்தக் குறைவை ஊர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கிராமசபையில் எழுந்து பேச நான் அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
கண்மாய்க்கரையில் குடியிருக்கும் ஒருவன்