கிண்ணியாத் தம்பிக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்பான ஆசிரியர்களே, பெற்றோரே, பிள்ளைகளே, அயலவர்களே,

வீட்டுக்கு வந்துவிட்டேன். தொண்டை இன்னும் கரகரக்கிறது, கை நடுக்கமும் முழுதாக விடவில்லை. இப்போது எழுத வேண்டாம், படுத்திருங்கள் என்கிறார் என் கணவர். மனம் கேட்கவில்லை. பிரியாவிடை விருந்தில் எனக்கு நடந்ததை உங்களில் பலர் கண்ணால் கண்டீர்கள், மற்றவர்களுக்கு அன்றிரவே செய்தி வந்திருக்கும். சாப்பாட்டால் கடும் ஒவ்வாமை வந்து விழுந்துவிட்டேன், அதற்கு மேல் திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நன்றியை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் எழுத வேண்டியது, எனக்குப் பெயர்கூடத் தெரியாத ஒரு தம்பியைப் பற்றி. சமையலுக்கு வந்த ஆட்களோடு கிடாரம் கழுவ வந்தவர். கிண்ணியாப் பிள்ளை என்று பிறகு அறிந்தேன். அவர் முகத்தை நான் பார்த்த ஞாபகம் இல்லை. தாதி ஒருவர் சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும்.

என்னை வைத்தியசாலைக்குக் கொண்டுபோன பிறகு, என்ன சாப்பிட்டார் என்று டொக்டர் கேட்டிருக்கிறார். கூட வந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில், மரக்கறிச் சோறு மட்டும்தான், கோழிப் பக்கமே போகவில்லை என்றார்கள். அது உண்மைதான். எனக்குக் கோழி ஒத்துக்கொள்ளாது என்பது பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்த விஷயம். எனக்கென்று மரக்கறி ஃபிரைட் ரைஸ் தனியாகவே வைத்திருந்தார்கள்.

அப்போதுதான் விருந்து நடந்த உப்புவெளியிலிருந்து யாருடையதோ மோட்டார் சைக்கிளில் அந்தத் தம்பி வந்து இறங்கினாராம். சாரம் முழங்கால் வரை நனைந்து கிடந்ததாம். கையில் ஒரு பை. சோற்றுக்குப் போட்ட சுவைத்தூள் பை அது. குப்பைக் கூடைக்குள் கையை விட்டு, எச்சில் இலைகளுக்கு அடியிலிருந்து தேடி எடுத்திருக்கிறார். பையின் மேல்விளிம்பு கிழிந்து, எண்ணெய் பிசுபிசுத்து, கரட் சீவலும் லீக்ஸ் துண்டும் ஒட்டியபடி இருந்ததாம். கொஞ்சம் துடைத்துக் கொண்டு வரக்கூடாதா என்று தாதி கேட்க, “கழுவினா எழுத்துப் போயிரும் மிஸ், டொக்டர் வாசிக்கணும்தானே” என்றாராம்.

டொக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். நுண்ணிய எழுத்தில், உப்புக்கும் மாப்பொருளுக்கும் பிறகு, கோழி இறைச்சித் தூள் என்று இருந்தது. அப்படியே என் பெட் ஹெட் டிக்கெட்டில், அதாவது நோயாளிக் குறிப்பில், எழுதினார். தம்பி வாசலில் நின்று, “டீச்சருக்கு ஒண்டும் ஆகாதுதானே?” என்று கேட்டிருக்கிறார். ஆகாது என்று தாதி சொன்னதும் போய்விட்டார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம்.

அந்தப் பை வராவிட்டாலும் எனக்கு ஊசி போட்டிருப்பார்கள். அவர் வருவதற்கு முன்பே தொடையில் அட்ரினலின் ஏற்றிவிட்டார்கள், உயிரைக் காத்தது அதுதான். ஆனால் உயிர் தப்பியவளுக்குப் பிறகு ஒரு வாழ்க்கை இருக்கிறதே. காரணம் தெரியாமல் நான் வீடு திரும்பியிருந்தால் கஜுவைப் பார்த்தாலும் பயம், சோயா சோஸைப் பார்த்தாலும் பயம், காளானும் இறாலும் எல்லாமே சந்தேகம் என்றாகியிருக்கும். சோற்றுக் கோப்பையை எடுக்கவே கை கூசியிருக்கும். அந்த எண்ணெய்ப் பிசுக்குப் பையினால் இன்று என் டயக்னோசிஸ் கார்டில் காரணம் ஒன்றே ஒன்றாக எழுதப்பட்டிருக்கிறது. இதைக் கொண்டு போனால் பழி தன்னோடு வந்தவர்கள் மேல் விழும் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும் வந்தார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் நிறைந்துவிடுகிறது.

சமையற்காரரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மரக்கறிச் சோற்றுக்குச் சிக்கன் கியூப் உதிர்த்துப் போடுவதும் சுவைத்தூள் தூவுவதும் எங்கள் ஊரில் சாதாரணம். கியூப்பை யாரும் கோழியாக நினைப்பதில்லை, உப்பு, மிளகு போல ஒரு சரக்காகத்தான் நினைக்கிறார்கள்.

பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. முட்டை சாப்பிடுகிறீர்கள், ஆட்டிறைச்சி சாப்பிடுகிறீர்கள், கோழி மட்டும் ஏன்? சைவமென்றால் விளங்கும், இது என்ன புது வருத்தம்? கேட்பதில் பிழையில்லை. கோழி ஒவ்வாமை உலகத்திலேயே அரிதுதான். முட்டையிலும் இறைச்சியிலும் உள்ள புரதங்கள் பெரும்பாலும் வேறு வேறு. சிலருக்கு வீட்டில் வளர்க்கும் பறவைகளின் இறகு, தூசியிலிருந்து ஒவ்வாமை தொடங்கி, முட்டை மஞ்சள் கருவுக்கும் இறைச்சிக்கும் பரவும். அதைத் தூண்டும் புரதம் சூட்டில் பெருமளவு குலைந்துபோகும். என்னுடையது மற்ற வகை, தசையில் உள்ள புரதங்களால் வருவது. பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் இரத்தம் சோதித்த காலத்தில் வைத்தியர் எனக்கு விளக்கினார். அந்தப் புரதங்களில் சில அவித்தாலும் பொரித்தாலும் காயவைத்துத் தூளாக்கினாலும் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் ஒரு கரண்டித் தூளும் என்னை விழுத்தியது. வான்கோழியும் கோழிக்கு மிக நெருங்கிய உறவு, அதுவும் ஆகாது.

அன்றைக்கு அவர் சொன்ன இன்னொன்றும் என்னைக் கலங்க வைத்தது. கோழித் தசையில் உள்ள பார்வல்புமின் என்ற புரதத்துக்கு மீனிலும் சாயல் உண்டு, சிலருக்கு இரண்டும் சேர்ந்தே ஒத்துக்கொள்ளாது. திருகோணமலையில் பிறந்தவளுக்கு மீனை விடு என்றால் எப்படி இருக்கும்! சோதனை முடிவு வரும்வரை பத்திரகாளி அம்மனைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை, எனக்கு மீன் ஒத்துக்கொள்கிறது.

இனி, கூட நின்ற மற்ற எல்லோருக்கும். என்னை எழுப்பி நடக்க வைக்க வந்தவர்களைத் தடுத்து, படுக்க வைத்துக் காலை உயர்த்திப் பிடித்த விஞ்ஞான ஆசிரியர், 1990 அம்புலன்ஸ் சேவையை அழைத்து வழி சொன்ன உயர்தரப் பிள்ளைகள், அம்புலன்ஸில் என் கையை விடாத பணியாளர், ஒருமுறை அடங்கிய ஒவ்வாமை சில மணி நேரம் கழித்தும் திரும்பலாம் என்று இரவு முழுக்கப் பிரஷர் பார்த்துக்கொண்டேயிருந்த தாதியர், வைத்தியர்கள், என் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளோடு படுக்க வைத்த பக்கத்து வீட்டு அக்கா, இடியப்பமும் சொதியும் கொண்டு வந்து, என்னென்ன போட்டது என்று துண்டில் எழுதியும் வைத்த மாமி, கோயிலிலும் தேவாலயத்திலும் பள்ளிவாசலிலும் எனக்காகக் கேட்ட அத்தனை பேருக்கும் என் கைகூப்பிய நன்றி.

உங்களிடம் ஒன்று கேட்கவும் வேண்டும். இதில் கோழி சேர்ந்திருக்கிறதா என்று ஒருவர் கேட்டால், அவர் மனம் நோகக் கூடாதென்று “இல்லை” என்று சொல்லிவிடாதீர்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். நாங்கள் பசியோடு எழுந்து போவோம், அது பெரிய விஷயமே அல்ல. கொத்துக் கடையில் கோழிக் கொத்து அடித்த அதே தட்டில், அதே தகட்டால் மரக்கறிக் கொத்தும் அடிப்பார்கள். ரோல்ஸ் பொரித்த எண்ணெயிலேயே வடையும் பொரியும். பைகளில் தடித்த எழுத்தை மட்டும் தேடுவதும் போதாது. ஐரோப்பிய ஒன்றியம் கட்டாயம் தனித்துக் காட்டச் சொல்லும் 14 ஒவ்வாமைப் பொருள்களின் பட்டியலில் முட்டை உண்டு, மீன் உண்டு, கோழி இறைச்சி இல்லை. எங்களைப் போன்றவர்கள் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசிக்கத்தான் வேண்டும்.

அதைத்தான் இனி என் மனைப்பொருளியல் வகுப்பில் ஒரு பாடமாகவே செய்யப் போகிறேன். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு வெறும் பை கொண்டு வர வேண்டும், உள்ளே என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் கேட்க உரத்து வாசிக்க வேண்டும். அட்ரினலின் எப்போது, உடம்பில் எங்கே போடுவது என்பதை ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு வைத்தியரை அழைக்குமாறு அதிபரிடம் கேட்டிருக்கிறேன், ஓம் என்றிருக்கிறார். நான் இந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கும்வரை இரண்டையும் விடமாட்டேன்.

தம்பி, சமையற்காரரிடம் உம்மைப் பற்றி விசாரித்தேன். நீர் மாமாவோடு கடலுக்குப் போய்விட்டீராம், போன் நம்பரும் அவரிடம் இல்லையாம். இதை வாசிக்கும் கிண்ணியாச் சனம் யாராவது உம்மிடம் காட்டுவார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். கரைக்கு வந்ததும் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வாரும். பாலத்தால் வந்தால் எவ்வளவு தூரம்! பள்ளிக்கூட வாசலில் யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள். உம்மாவையும் கூட்டிக்கொண்டு வாரும், இப்படியொரு பிள்ளையைப் பெற்றவரை நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மனைப்பொருளியல் டீச்சர்
திருகோணமலை