கோமதிக்கு: முதலில் நாலு பை போதும்

தாம்பரம்,
20.6.2025

அன்புள்ள கோமதி,

நீ பேசி நாலு நாள் ஆகிவிட்டது, பேச வேண்டியது பாதி மிச்சம். நடுவில் சிலிண்டர் போடும் பையன் வந்துவிட்டான், அப்புறம் உன் பேரன் எழுந்து அழ ஆரம்பித்துவிட்டான். அதனால்தான் எழுதவே உட்கார்ந்துவிட்டேன். லீவுக்கு ஊருக்குப் போய் நாம் எழுதிக்கொண்ட இன்லேண்டு லெட்டரெல்லாம் என் டிரங்குப் பெட்டியில் அப்படியே இருக்கிறது, தெரியுமா உனக்கு?

இங்கே எல்லோரும் சுகம். பெரியவளுக்குப் பெங்களூரில் வேலை மாறியிருக்கிறது. எனக்கு முட்டிவலி முன்னைக்குப் பரவாயில்லை, தினமும் மாடிப்படி ஏறுவதால்தான் என்று நான் சொல்கிறேன், டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. உங்கள் வீட்டு அண்ணன் ரிட்டயர் ஆகிவிட்டார் என்று கேட்டு சந்தோஷம். மனுஷர் முப்பது வருஷம் ஓடியது போதும்.

சரி, தோட்டத்துக்கு வருகிறேன். திருநகர் வீட்டு மொட்டை மாடி சும்மாதானே கிடக்கிறது, முப்பது பை வாங்கப் போகிறோம், தக்காளி, கத்தரி, குடைமிளகாய், காலிஃபிளவர் எல்லாம் போடப் போகிறோம் என்று நீ சொன்னதும் எனக்குப் பகீரென்றது. தோட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை, கோமு. முப்பதுதான் வேண்டாம். நாலு பையில் ஆரம்பி. ஒரு அடிக்கு ஒரு அடி பை நனைந்துவிட்டால் பதினைந்து கிலோவுக்குக் குறையாது. முப்பதையும் மாடியில் ஏற்றி, தினம் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்க்க முதல் வருஷத்தில் உன்னால் முடியாது. பார்க்காத செடியில்தான் பூச்சி ஏறும். நாலு பை என்றால் காலையில் காபியைக் கையில் வைத்துக்கொண்டே நாலையும் பார்த்துவிடலாம்.

நான் கற்றுக்கொண்டதில் பெரியது தண்ணீர்தான். உரம், பூச்சி எல்லாம் அதற்கு அப்புறம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்ததே, அப்போது என் மாடியில் பதினெட்டு பை இருந்தது. தக்காளி அப்போதுதான் காய் பிடித்திருந்தது. ரெண்டு நாள் விடாமல் கொட்டியதில் மாடித் தண்ணீர் இறங்குகிற குழாய் வாயில் சருகும் நாரும் அடைத்துக்கொண்டு, கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்ற பையெல்லாம் கணுக்கால் தண்ணீரில் நின்றது. நான் மேலே போய்ப் பார்க்க மூன்று நாள் ஆகிவிட்டது, கீழே தெருவிலேயே முட்டி வரைக்கும் தண்ணீர். அப்புறம் வெயில் வந்தது. செடியெல்லாம் தலை தொங்கிவிட்டது. மண்ணைத் தொட்டால் சொதசொதவென்று ஈரம், செடியோ தண்ணீர் இல்லாத செடி மாதிரி வாடி நிற்கிறது. எனக்கு ஒன்றும் புரியாமல் இன்னும் ஒரு குவளை ஊற்றினேன். நாலாம் நாள் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து, விரலில் எடுத்தால் தோல் உருவிக்கொண்டு வருகிறது, அழுகல் நாற்றம். வேருக்குக் காற்றும் வேண்டும், தண்ணீர் தேங்கினால் காற்றுப் போக வழியில்லை, வேர் அழுகிவிட்டால் சுற்றிலும் எவ்வளவு ஈரம் இருந்தாலும் செடியால் உறிஞ்ச முடியாது. பதினொரு செடி போனது. அன்றைக்கு மாடியிலேயே உட்கார்ந்து அழுதேன் என்று உன்னிடம் சொல்வதற்கு என்ன வெட்கம்.

அதிலிருந்து ஊற்றுவதற்கு முன்னால் ஆள்காட்டி விரலை மண்ணில் ரெண்டு கணு உள்ளே விட்டுப் பார்க்கிறேன். உள்ளே ஈரம் பட்டால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது, மேல் மண் காய்ந்திருந்தாலும் சரி. இன்னொன்று: புடலை, பூசணி, சுரை இலையெல்லாம் உச்சி வெயிலில் துவண்டு தொங்கும், பார்க்கவே பாவமாக இருக்கும். ஓடிப்போய் ஊற்றிவிடாதே. சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய்ப் பார், தானே நிமிர்ந்திருக்கும். நிமிரவில்லையென்றால்தான் தாகம். ஒவ்வொரு பைக்கு அடியிலும் ரெண்டு செங்கல் வை. தளமும் ஓதம் அடிக்காது, பையின் ஓட்டையும் அடைக்காது. பைகளை மாடியின் நடுவில் குவிக்காமல் கீழே சுவரோ பீமோ வருகிற இடமாகப் பார்த்து வரிசையாக வை, கட்டின மேஸ்திரியைக் கேட்டால் காட்டுவார்.

உங்கள் போர் தண்ணீர் உப்பு என்று சொன்னாயே, அதைக் கவனிக்க வேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்ற ஊற்ற மண்ணில் உப்பு சேர்ந்து இலை ஓரம் கருகும். அரிசி கழுவின தண்ணீர், ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் எல்லாம் பிடித்து வை, மழை பெய்தால் அண்டா, குடம் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வை. குடிதண்ணீர் சுத்திகரிக்கிற மிஷினில் கழித்து விடுகிற தண்ணீரை மட்டும் வீணாகிறதே என்று செடிக்கு ஊற்றாதே, வடிகட்டின உப்பெல்லாம் அதில்தான் வந்து சேருகிறது.

மண்ணுக்கு நான் போடுவது செம்மண் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கின மாட்டெரு அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க்கழிவு கட்டியாக வரும். அதை ஊறப்போட்டு, காபி டிகாக்ஷன் நிறத்தில் இறங்குகிற தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி ஊறப்போடு, மூன்று தரமாவது. அதிலும் உப்பு இருக்கும், யாரும் சொல்வதில்லை. கலந்து ஈரம் காட்டி, பத்து நாள் நிழலில் வைத்துவிட்டு அப்புறம் விதை போடு. எருவில் சூடு இருந்தால் நாற்று வெந்துவிடும். தோட்டக்கலைத் துறையில் மானிய விலையில் மாடித்தோட்டத் தளை என்று பை, விதை, நார்க்கழிவு எல்லாம் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள், மதுரை அலுவலகத்தில் இப்போது இருக்கிறதா என்று அண்ணனை ஒரு நடை போய்க் கேட்டு வரச் சொல்.

என்ன போடலாம் என்று கேட்டாய். முதலில் கீரைதான். சிறுகீரையும் முளைக்கீரையும் இருபத்தைந்து நாளில் பிடுங்கிவிடலாம், அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ள வரும். போட்ட மாதமே கடைந்து சாப்பிட்டுவிட்டால் உனக்கே கை நிற்காது. கீரை விதையை ஒரு கை மணலோடு கலந்து தூவு, இல்லாவிட்டால் ஒரே இடத்தில் கொத்தாக முளைக்கும். தூவின அன்றே எறும்பு வரும், கோமு! முதல் தடவை நான் போட்ட விதை ஒன்றுகூட முளைக்கவில்லை, விதை சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்கே போகப் பார்த்தேன். அப்புறம்தான் பார்த்தேன், வரிசையாகத் தூக்கிக்கொண்டு போகிறது. இப்போது விதையின் மேல் சாம்பல் தூவி, கொஞ்சம் தள்ளி ரவையோ அரிசி நொய்யோ போட்டு வைக்கிறேன். அதுவும் சாப்பிடட்டும்.

அப்புறம் வெண்டை ஒரு பை, மிளகாய் ஒரு பை. கொத்தமல்லியை உருண்டையாகப் போடாதே, செருப்பால் லேசாகத் தேய்த்து ரெண்டாக உடைத்துப் போடு. புதினாவுக்கு விதையே வேண்டாம், சந்தையில் வாங்கின கட்டில் தடித்த தண்டாக நாலு எடுத்து ஊன்றிவிடு. காலிஃபிளவரையும் குடைமிளகாயையும் மட்டும் இந்த வருஷம் மறந்துவிடு, ரெண்டும் குளிர் கேட்கிற பயிர், மதுரை வெயிலில் உனக்கு மனசு விட்டுப்போகும்.

அவரை மட்டும் கட்டாயம் போட வேண்டும், அதுவும் ஆடியிலேயே. ஒரு வருஷம் ஆசைப்பட்டுத் தையில் போட்டேன். கொடி பந்தலை மூடிக்கொண்டு படர்ந்தது, அக்கம்பக்கத்து வீட்டுக்காரரெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், ஒரு பூ இல்லை. உரம் போட்டேன், நுனி கிள்ளினேன், ஒன்றும் நடக்கவில்லை. ஊருக்குப் போனபோது அத்தையிடம் சொன்னதும், "அவரைக்கு ராத்திரி நீளணும்டி, பனி இறங்கினாத்தான் பூக்கும்" என்றார். நம் நாட்டுப் பந்தல் அவரை பகல் குறுகுகிற காலத்தில்தான் பூக்கும். ஆடியில் விதைத்தால் ஐப்பசி வரைக்கும் வளர்ந்து, கார்த்திகை மார்கழியில் கொத்துக் கொத்தாகப் பூத்து, பொங்கலுக்குக் கூட்டு வைக்கக் காய் இருக்கும். ஆடிப்பட்டம் தேடி விதை என்பதை நாம் மூன்றாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்தோம், எனக்கு அதன் அர்த்தம் ஐம்பத்து நாலு வயதில் புரிந்தது.

பூச்சி பற்றி ஒன்றிரண்டு சொல்கிறேன். தண்டில் எறும்பு வரிசையாக மேலே ஏறினால் உடனே இலையைத் திருப்பிப் பார். மாவுப்பூச்சியோ அசுவினியோ இருக்கும், அது கசிகிற தேன் மாதிரிப் பிசுபிசுப்புக்குத்தான் எறும்பு வருகிறது, பதிலுக்கு அதைக் காவல் காக்கும். கொஞ்சமாக இருக்கும்போதே பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் போதும். அதிகமானால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல், வெயில் சாய்ந்த பிறகு அடி. ஆனால் ஒன்றைக் கவனி. மாவுப்பூச்சிக்கு நடுவில் அதே மாதிரி வெள்ளை மாவு பூசிக்கொண்டு, கொஞ்சம் பெரிதாக, சுறுசுறுப்பாக ஓடுகிற புழு ஒன்று இருந்தால் அதைக் கொல்லாதே. அது ஒரு வகைப் பொறிவண்டின் புழு, மாவுப்பூச்சியைத் தின்பது அதன் வேலை. தெரியாமல் நான் எத்தனையை நசுக்கியிருப்பேன் என்று நினைத்தால் இன்னும் ஒரு மாதிரி இருக்கிறது. 2008ல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பாழாக்கியதே, எவ்வளவு மருந்தடித்தும் கேட்காமல், கடைசியில் 2010ல் வெளிநாட்டிலிருந்து ஒரு குட்டிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. அதைப் படித்ததிலிருந்து மாடியில் ஒரு பூச்சியைப் பார்த்தால் முதலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்க்கிறேன்.

வெயில் காலத்துக்கு மூடாக்கு போடு. இயற்கை விவசாயம் பேசின நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய்ச் சொன்ன அதே மூடாக்குதான். காய்ந்த இலை, கரும்புச் சக்கை, தேங்காய் மட்டை எது கிடைக்கிறதோ அது. மண் தெரியக் கூடாது. கத்திரி வெயிலுக்கு மேலே நிழல்வலையும் கட்ட வேண்டும், அதற்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது, அப்போது பேசிக்கொள்ளலாம்.

அம்மாவை நினைத்துக்கொள்கிறேன் கோமு. நீ ஊருக்கு வந்தபோது பார்த்திருப்பாய், கிணற்றடியில் வாழை, பாத்திரம் தேய்க்கிற தண்ணீர் ஓடுகிற வழியில் சேம்பு, கூரை மேல் சுரைக்கொடி. தோட்டம் என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை, நாமும் கேட்டதில்லை. சாகும்வரைக்கும் சுரைக் குடுவையில் சாம்பல் போட்டு விதை வைத்திருந்தாள். அதில் ஒரு கைப்பிடி என்னிடம் இருந்தது, நான்தான் வருஷா வருஷம் போட்டுப் பெருக்கி வைத்திருக்கிறேன்.

இந்தக் கவரோடு மூன்று பொட்டலம் இருக்கிறது. மஞ்சள் தாளில் அரைக்கீரை, வெள்ளைத் தாளில் வெண்டை, பழைய காலண்டர் தாளில் மடித்திருப்பது அம்மாவின் அவரை, பத்து விதை. ஆறு போடு, நாலை வைத்துக்கொள், ஒருவேளை முளைக்காவிட்டால் மறுபடி போடலாம். ஜூலை 17 ஆடி பிறக்கிறது. அதற்குள் மண் கலந்து வைத்துவிடு. தைக்கு நான் மதுரைக்கு வருகிறேன், கூட்டுக்குப் பாசிப்பருப்பு நீ வாங்கி வை.

அண்ணனுக்கு என் வணக்கம், குட்டிக்கு முத்தம்.

உன்,
வசந்தி