சத்தத்தின் இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர்களுக்கு

வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, தத்தமங்கலம், பொள்ளாச்சி என்று எல்லைக்கு இரண்டு பக்கமும் இருக்கிற நண்பர்களுக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

நானும் மச்சானும் தோப்பில் கட்டிய கிட் காரில் அந்த டொக் டொக் சத்தம் இப்போது இல்லை. இன்ஜினின் சுழல் தண்டான கிராங்க்கின் முன் முனையில் பெல்ட்டைச் சுழற்றும் சக்கரம்தான் புல்லி. அதன் நடு போல்ட் தளர்ந்து, புல்லியைத் தண்டோடு சேர்த்துச் சுற்றவைக்க உள்ளே இருந்த கீ ஒரு பக்கமாகத் தேய்ந்துபோயிருந்ததுதான் காரணம். விரல் நுனி அளவு இரும்புத் துண்டு. அதைக் கண்டுபிடிக்க யார் யார் வந்து நின்றீர்கள் என்பதை எல்லோரும் அறியச் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வண்டியைப் பார்க்காதவர்களுக்காக: 1957இல் இங்கிலாந்தில் காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவன் காரின் வடிவம் இது. பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டால் அந்தக் காலத்தில் அங்கே கொள்முதல் வரி கிடையாது. அதனால் பலர் தங்கள் கொட்டகையிலேயே கட்டிக்கொண்டார்கள். நாங்கள் சதுரக் குழாயை வெட்டிப் பற்றவைத்துச் சட்டம் செய்தோம். இன்ஜின் உக்கடத்தில் வாங்கிய பழைய ஜிப்ஸியுடையது, 1298 சிசி, நாலு சிலிண்டர். ரோட்டில் ஓட்ட முறையான சோதனையும் ஒப்புதலும் வேண்டும் என்பதால் தோப்புக்குள் மட்டும்தான் ஓட்டுகிறோம்.

ஐடிலில் நின்றால் சத்தம் வரும், ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் அடங்கிவிடும். கேட்டவர்கள் பெரும்பாலும் சொன்னது, "ராடு அடிக்குது, இன்ஜினை இறக்கிடுங்க" என்பதுதான். அதாவது பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கிற ராடின் பேரிங் தேய்ந்துவிட்டது என்றார்கள். இறக்கினால் கிராங்க் கிரைண்டிங், பேரிங் செட், கேஸ்கெட் என்று செலவு எங்கே போய் நிற்கும் என்று தெரியாது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதும் பிடிபடவில்லை. கம்பெனிக் காரில் இன்ஜினுக்கும் உட்காருகிற இடத்துக்கும் நடுவே தடிமனான ரப்பரும் தகரமும் இருக்கும். இதில் இன்ஜினும் குழாய்ச் சட்டமும் கிட்டத்தட்ட ஒரே உடம்பு. முன்னால் எழும் சத்தம் குழாய் வழியாக ஓடி, சீட்டுக்குப் பின்னால் கியர்பாக்ஸ் பக்கம் கேட்கும். போதாததற்கு ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக அது வீசும்போது பக்கத்தில் பேசுவதே காதில் விழாது. கொப்பரைக் கொட்டகையைக் காலி செய்து கொடுத்து, வண்டியை உள்ளே தள்ளிக்கொள்ளச் சொன்ன பக்கத்துத் தோட்டத்து அக்காவுக்கு முதல் நன்றி. காற்று அடைபட்ட பிறகுதான் வேலையே தொடங்கியது.

அப்புறம், பம்ப்செட் ஆயில் இன்ஜின் பார்த்தே வயதான எங்கள் பெரியவர். ஐயா, நீங்கள் ஸ்பானரைத் தொடவே இல்லை. நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதோடு அணைத்துக்கொண்டு, ஹெட், பிளாக், சம்ப், முன் மூடி என்று ஒவ்வோர் இடமாக நகர்ந்தீர்கள். ஒவ்வோர் இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு நின்றீர்கள். துணை சுகாதார நிலையத்து சேச்சி கொடுத்த பழைய ஸ்டெதாஸ்கோப்பில் ஒரு கம்பியைச் செருகி நாங்களும் கேட்டோம், நீங்கள் சொன்ன அதே இடத்தில்தான் பலமாக இருந்தது: முன்பக்கம், கீழே. "இது ராடு இல்லப்பா, ராடுன்னா தாளம் தப்பாது" என்றீர்கள். அந்த ஒரு வாக்கியம்தான் எங்கள் இன்ஜினைக் காப்பாற்றியது.

கொழிஞ்சாம்பாறை ஒர்க்‌ஷாப் அண்ணன் அதைச் சோதித்துக் காட்டினார். பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ராடு பேரிங் போயிருந்தால், அந்த சிலிண்டரில் எரிப்பு நின்றதும் சத்தம் குறையவோ மாறவோ வேண்டும். நாலிலும் மாற்றம் இல்லை. ஆயிலை வடித்து வெள்ளை வேட்டித் துணியில் ஊற்றிப் பார்த்தார், பேரிங் பொடி ஒரு மினுக்கு கூட இல்லை. கிளட்சை மிதித்துப் பார்த்தோம், சத்தம் அப்படியே இருந்ததால் ஃப்ளைவீல், அதாவது கிராங்க்கின் பின் முனையில் இருக்கிற கனமான சக்கரம், அதன் மேலிருந்த சந்தேகமும் குறைந்தது. கூலி கேட்டேன், "முடியட்டும்" என்றார்.

தத்தமங்கலத்திலிருந்து டைமிங் லைட்டோடு வந்த ஆசிரியருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒன்றாம் நம்பர் பிளக் ஒரு முறை பொறி விடும், லைட்டும் ஒரு முறை மின்னும். மின்னலுக்கும் மின்னலுக்கும் நடுவே சத்தம் எத்தனை முறை வருகிறது என்று பார்த்தால் அது வால்வு பக்கமா கிராங்க் பக்கமா என்று பிரித்துவிடலாம் என்றார். என் மகள் போனில் ஸ்லோமோஷன் எடுத்தாள். ஒரு இடைவெளியில் இரண்டு அடி, அடுத்ததில் மூன்று, சில நேரம் ஒன்றுமே இல்லை. பெரியவர் காதால் சொன்னது கண்ணுக்கே தெரிந்தது. இன்ஜினின் தாளத்தோடு சேராத சத்தம் என்றால், எதுவோ தளர்ந்து தானாக ஆடுகிறது.

ஆல்டர்னேட்டர் பெல்ட்டைக் கழற்றியதும் சத்தத்தின் குணம் மாறியது. இன்ஜினை நிறுத்தி, மச்சான் பின்னாலிருந்து ஃப்ளைவீலைக் கம்பியால் முன்னும் பின்னும் அசைத்தார், நான் முன்னால் புல்லி மேல் கை வைத்திருந்தேன். ஃப்ளைவீல் அசைந்தது, புல்லி ஒரு கணம் சும்மா நின்று, பிறகுதான் டொக் என்று கூட வந்தது. கொட்டகையில் இருந்த எல்லோரும் அதைக் கேட்டோம். ஐடிலில் கிராங்க் தள்ளித் தள்ளிச் சுற்றுவதால் கீ தேய்ந்து உண்டான இடைவெளியில் அது இரண்டு பக்கமும் மோதுகிறது, வேகம் கூடினால் சுழற்சி சீராகி அடங்கிவிடுகிறது.

பொள்ளாச்சி லேத் பட்டறைக்காரர் கிராங்கைக் கழற்றாமலேயே, கீ உட்காரும் பள்ளமான கீவேயின் ஓரத்தை அரத்தால் சீராக்கி, நீல மை தடவித் தடவிப் பார்த்து, கொஞ்சம் அகலமான கீ ஒன்றைக் கையாலேயே ராவிப் பொருத்தினார். இப்படி வேலை செய்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள், அதனால் அவரைப் பார்த்தபோது எனக்கு மனசு நிறைந்துபோனது. பல் சக்கரம் புதிது, போல்ட்டும் புதிது, டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கியிருக்கிறோம்.

கொஞ்சம் ஓடிய பிறகு அந்த போல்ட்டை மறுபடி சரிபார்க்கச் சொல்லியிருக்கிறார் ஒர்க்‌ஷாப் அண்ணன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைச் செய்கிறோம். எல்லோரும் தோப்புக்கு வாருங்கள், மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். பெரியவர் ஐயாவை மச்சானே வந்து கூட்டிக்கொண்டு வருவார். சேச்சியின் ஸ்டெதாஸ்கோப்பும் ஆசிரியரின் டைமிங் லைட்டும் அன்றைக்கே கையில் கொடுத்துவிடுகிறேன்.

நன்றியுடன்,
வேலந்தாவளம் தோப்புக்காரன்